கடைசிப் பாட்டில் டிரம் வாசித்தவர்

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்ல கையெழுத்து. ‘புழுக்களின் பேரவை’ பாட்டுத் தொகுப்பை மறுபடியும் வெளியிடப் போவதாகவும், என்னிடம் கேட்க நான்கு கேள்விகள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்றுக்குப் பதில் சுலபம். பாடும்போது மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அட்டையில் இருப்பது மண்டையோடு அல்ல. ஒரு வாரம் வாளியில் ஊறிய முட்டைக்கோசு, பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த படம். இரண்டாவது பாட்டின் நடுவே வரும் உறுமல் எந்த மிருகத்துடையதும் இல்லை, கண்ணாடி அறுக்கும் இயந்திரம்.

நான்காவது கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில். கடைசிப் பாட்டில் எல்லாக் கருவிகளும் நின்ற பிறகு குரலுக்கு அடியில் மெதுவாக ஒரு டிரம் கேட்கிறது, தொகுப்பிலேயே சிறந்த வாசிப்பு அதுதான், அட்டையில் ‘கடிகாரம்’ என்று போட்டிருக்கிறதே, அது நீங்கள்தானா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே பதிவின் தடங்களைத் தனித்தனியாக அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அவற்றைக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது முறை.

எனக்கு ஞாபகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பதிவுக்கலை மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியர் முதல் நாளே சொன்னார்: “எழுதி வைங்க. ஞாபகம் இருக்கும்னு நினைப்பீங்க. இருக்காது. இருக்கிறது உங்களுக்குச் சாதகமா இருக்கும்.” அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்கையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்த நோட்டு பக்கத்தில் திறந்தே இருக்கிறது. நோட்டும் ஞாபகமும் வேறுபடும் இடங்களில் நோட்டையே நம்புங்கள்.

அந்தக் காலத்து மெட்டல் இசைக் குழுக்களைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். மொத்தம் ஏழு குழுக்கள், முப்பது பேர். ஒரு குழு மேடையில் இருந்தால் மற்ற ஆறும் கையைக் கட்டிக்கொண்டு கீழே நிற்கும். கைதட்ட மாட்டோம். தட்டினால் அவர்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று பயம். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த ஒரே இடம் ஒரு பூப்பந்தாட்டக் கூடம். தரை கெட்டுவிடும் என்று அதன் மேலாளர் செருப்பு, பூட்ஸ் எதையும் உள்ளே விடமாட்டார். அதனால் நரகத்தையும் அழுகும் பிணத்தையும் பாடிய அத்தனை பேரும் சாக்ஸோடுதான் பாடினோம். ஆவேசத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வழுக்கி விழுவார்கள். இப்போது அதையெல்லாம் பொற்காலம் என்கிறார்கள். நான் பார்த்தவரை முப்பது பேரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். அதற்குக் காரணம் தேடவும் யாரும் மெனக்கெடவில்லை.

எங்கள் குழுவில் நாலு பேர். கிட்டார் வாசித்தவர் கண்ணாடிக்கடைக்காரர். அவர் பட்டறையின் மாடிதான் எங்கள் அறை. பேஸ் கிட்டார் வாசித்தவர் அவருடைய தம்பி. பாடியவரை நாங்கள் குயில் என்று கூப்பிட்டோம். அடிவயிற்றிலிருந்து உறுமுகிற ஆளுக்கு வேறு எந்தப் பெயர் வைத்தாலும் சிரிப்பு வராது என்பதால். பகலில் அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். நாற்பது பிள்ளைகள் கத்தும் வண்டியில் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர் என்று பெயர். டிரம் நான்.

என் தாளம் பிசகாது. அதனால்தான் கடிகாரம். அதைப் பாராட்டு என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வகை இசையில் ஒரு நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு அடி விழ வேண்டும். என்னால் எட்டுக்கு மேல் போக முடியவில்லை. கணுக்காலில் எடை கட்டிப் பழகினேன், மாலை மாலையாக அளந்து எழுதினேன். எட்டு எட்டாகவே இருந்தது.

“நீ தப்பா வாசிக்கலடா,” என்றார் குயில். “ரொம்பச் சரியா வாசிக்கிற. அதான் சிக்கல்.”

“கடிகாரத்த வச்சு மணி பாக்கலாம்,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “ரயில் ஓட்ட முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று, அளவுகள் எழுதிய அந்தப் பயிற்சி நோட்டில் இருக்கிறது.

அடுத்த வாரம் என் இருக்கையில் ஒரு பிளம்பர் உட்கார்ந்தார். நல்ல வாசிப்பு, மறுக்க மாட்டேன். என்னை அனுப்பிவிடவில்லை. “உனக்குக் காது இருக்கு. நீ பதிவு பண்ணு,” என்றார் குயில். எனக்காகப் பேசியதே அவர்தான். அதை நான் மறந்ததில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தது அப்போதுதான்.

காது இருக்கிறது என்றது என் தொழிலை வைத்து. காது மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைச் சோதிப்பவன் நான். சோதிக்கப்படுபவர் வெளிச்சத்தம் புகாத ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார். சத்தம் கேட்டதும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே என் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரியும். எரிந்தால் தாளில் ஒரு கோடு. அவ்வளவுதான் என் வேலை. மருத்துவமனை புதுக் கூண்டு வாங்கியபோது பழையதை எடுத்துப் போகச் சொன்னார்கள். எட்டுத் துண்டுகளாகக் கழற்றி, ஐந்து பேர் மாடிக்குச் சுமந்தோம். தடித்த சுவர், துளைகள் போட்ட தகடு, காந்தம் வைத்த கதவு. உள்பக்கக் கைப்பிடி முன்பே உடைந்துபோயிருந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பொத்தானும் விளக்கும் அப்படியே இருந்தன. குயில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பதிவை நிறுத்தி நான் கதவைத் திறக்க வேண்டும். அது நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு.

கூண்டில் ஒரு கண்ணாடி ஜன்னலும் உண்டு. பாடும்போது தன் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று குயில் அதில் போர்வை தொங்கவிட்டார். அவ்வளவு கூச்சம்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர் கடை இருந்தது. முதல் நாள் குயில் பாடியபோது கத்தரிக்கோலோடு மாடிக்கு ஓடி வந்தார்.

“யாரையாவது கொல்றீங்களா?”

“இல்லண்ணே. பாட்டு.”

“இதுவா?” என்று கேட்டுக் குயிலை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கீங்க. அப்புறம் ஏன்?”

அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் “இன்னிக்கு யாரு செத்தா?” என்பார். நாங்களும் யார் பெயரையாவது சொல்வோம்.

இடையில் குயில் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். என்னைக் கூட்டிப்போகப் பூப்பந்தாட்டக் கூடத்துக்கு வந்தவள், அவர் உறுமியதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். மேடையில் நின்றுகொண்டே அவரும் சிரித்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணமான மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “அக்கா புருஷன டேய்னா கூப்பிடுவ? மாமான்னு சொல்லு,” என்றாள். அன்றிலிருந்து, “மாமா, அந்தக் குடலை உருவுற வரிய இன்னொரு தடவை பாடுங்க,” என்று நான் சொன்னால் மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் மட்டும் பதவிசாக, “பாடிடலாம் மாப்ள,” என்பார்.

அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நோட்டில் இரண்டு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

கடைசிப் பாட்டு நான் எழுதியது. எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆனது. புதைக்கப்பட்ட ஒருவன் மண்ணுக்குள் கண் விழிக்கிறான். முதல் ஐந்து நிமிடம் கருவிகளும் வார்த்தைகளும். பிறகு எல்லாம் நின்றுவிடும். கடைசி இரண்டு நிமிடம் குரல் மட்டும், வார்த்தை கிடையாது. மற்ற ஒன்பது பாட்டும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை; கண்ணாடிக்கடைக்காரர் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதியவை. இது ஒன்றுதான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

குயிலால் அதைப் பாட முடியவில்லை. எட்டு டேக். குறிப்புகளை அப்படியே தருகிறேன். ‘3: சுத்தம். பயம் இல்லை.’ ‘5: சிரிப்பை அடக்குகிறார்.’ ‘6: பேருந்து ஓட்டுநர்.’ ‘8: அக்காவை நினைத்துக்கொண்டு பாடுகிறார்.’ அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. முழு மூச்சையும் விடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பாடுவார். மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குக் கேட்கும். அக்கா அப்போது ஏழு மாதம். இந்த உறுமலை விட்டுவிடுங்கள் என்று குயிலிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“இந்த ஞாயித்துக்கிழமையோட சரி மாப்ள,” என்றார் குயில். “இனிமே தாலாட்டுதான்.”

அப்படியென்றால் எனக்கு இருந்தது ஒரு பிற்பகல்.

அன்று மற்றவர்கள் வரவில்லை. அவர்கள் பகுதியெல்லாம் முடிந்திருந்தது. பட்டறைக்கு விடுமுறை. டிரம் மேல் துணி போர்த்தியிருந்தது. மூன்று மணிக்குக் குயில் வந்தார். கூண்டுக்குள் போகும்முன் பையில் இருப்பதையெல்லாம் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி. சின்ன உரசலும் மைக்கில் விழும். அவர் வைத்தார்: பேருந்துச் சாவி, சில்லறை, போன், சீப்பு. இன்ஹேலர் மட்டும் எப்போதும் அவரோடு உள்ளே போகும். குலுங்காமல் இருக்க அதை ஒரு குழந்தைச் சாக்ஸுக்குள் செருகி வைத்திருந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அக்கா வாங்கியது.

“மாமா, அந்த டப்பாவையும் வைங்க. சத்தம் விழுது.”

“சாக்ஸ் போட்டிருக்கேனே?”

“அப்பவும் விழுது.”

“காது டாக்டர் சொன்னா அப்பீல் இல்ல,” என்று சிரித்துக்கொண்டே தட்டில் வைத்தார்.

எட்டு டேக்குகளின் குறிப்புகளையும் இதை எழுதுவதற்காக மறுபடி படித்தேன். அப்படி ஒரு சத்தம் விழுந்ததாக எங்கும் இல்லை. ஒருவேளை விழுந்து, நான் எழுதாமல் விட்டிருக்கலாம். நான் அப்படி விடுகிறவன் இல்லை.

கூண்டுக்குள் ஒரு சின்ன விசிறி உண்டு. அதன் இரைச்சல் கேட்கும் என்பதால் பதிவின்போது நிறுத்திவிடுவோம். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, பத்து நிமிடம் விடுவது வழக்கம். அன்று ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றையும் இடைவெளி இல்லாமல் எடுத்தேன். “சூடு ஆறிடக் கூடாது மாமா,” என்று மைக்கில் சொன்னேன். “சரி மாப்ள,” என்றார். பத்தாவதில் மிச்சம் வைத்திருந்த மூச்சு குறைய ஆரம்பித்ததைக் கேட்டேன். நோட்டில் ‘வருகிறது’ என்று எழுதியிருக்கிறேன்.

பதினோராவது டேக் மூன்று நாற்பத்திரண்டுக்கு ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

இதை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடமே, விளக்கு எரிந்ததும் எதுவும் செய்துவிடக் கூடாது என்பதுதான். சத்தமே வராதபோதும் ஆட்கள் பொத்தானை அழுத்துவார்கள். பதற்றத்தில் அழுத்துவார்கள். நாம் முகத்தில் எதையும் காட்டாமல் கோடு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் கோடு போட்டேன். மறுபடி எரிந்தது. இன்னொரு கோடு. வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு சீழ்க்கை போல இழுத்தது. ஒரு மனிதன் அப்படி மூச்சு இழுத்து நான் அதுவரை எந்தத் தொகுப்பிலும் கேட்டதில்லை. என் மேசையில் இருந்த பேசும் பொத்தானை அழுத்தி, “நல்லா வருது மாமா, நிறுத்தாதீங்க,” என்றேன்.

நோட்டில் பதினொரு கோடுகள் இருக்கின்றன. ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, கட்டுக் கட்டாக, வழக்கம்போல.

அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். ஆறு வருடம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் கேட்கிற காது எனக்கு உண்டு என்று சற்று முன்புதான் எழுதினேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். காதை வைத்துக்கொள்கிறேன்.

கருவிகள் நின்றன. கடைசி இரண்டு நிமிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீங்கள் உங்கள் கட்டுரையில் ‘மனிதக் குரலால் இதற்கு மேல் போக முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான வாக்கியம். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்சம் ஓடவிட்டேன். பிறகு பதிவை நிறுத்தி, சேமித்து, இரண்டு பிரதி எடுத்து, பெயர் போட்டேன். கதவைத் திறந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு.

அவர் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொத்தான் கையில் இருந்தது. அதை எடுத்து அதன் கொக்கியில் மாட்டினேன். தட்டிலிருந்த இன்ஹேலரைச் சாக்ஸோடு அவர் சட்டைப் பையில் வைத்தேன். சாவியையும் சீப்பையும்கூட வைத்தேன். பிறகு உதவிக்கு ஆள் கூப்பிடக் கீழே போனேன்.

தையல்காரர் ஒரு காற்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, இன்னிக்கு யாரு செத்தா?”

“குயில்ண்ணே,” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்தார்.

யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. ஆஸ்துமாக்காரர், காற்றில்லாத கூண்டு, டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பாட்டு. கண்ணாடிக்கடைக்காரர் கூண்டைச் சம்மட்டியால் உடைத்தார். அக்கா அழவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையை மடியில் கொட்டி, சாக்ஸை எடுத்து, உள்ளே இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள்.

“பைலயே இருந்திருக்குடா. கைக்கு எட்டுற தூரம். எடுக்கல. பாட்டு கெட்டுடும்னு எடுக்கல.” சாக்ஸை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்: “நானும் என் புள்ளையும் அவனுக்கு ஒரு பாட்டுக்குப் பெறல.”

அதுவரை அவரை அவள் ‘அவரு’ என்றுதான் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதல் முறை ‘அவன்’. இன்றுவரை அதுதான். வீட்டில் அவர் படம் கிடையாது. இந்தத் தொகுப்பும் கிடையாது. மகளுக்கு இப்போது ஆறு வயது ஆகப்போகிறது. “அப்பா ஏன் மருந்து எடுக்கல?” என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். “அப்பாவுக்குப் பாட்டுன்னா உயிருடா கண்ணு,” என்றேன். அக்கா அடுக்களையிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கில்லை, அவருக்கு. நான் அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது அவளுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான். இரண்டில் எது அவளுக்கு அதிகம் உதவும் என்று யோசித்துத்தான் சும்மா இருந்தேன். வாரம் இரண்டு நாள் பிள்ளையைப் பள்ளியில் விடுவது நான்தான்.

இப்போது உங்கள் கேள்வி. கடைசியில் கேட்பது டிரம் இல்லை. கூண்டின் சுவர். துளைத் தகடு, அதற்குப் பின்னால் அடைத்த பஞ்சு. கையை மூடிக் குத்தினால் நல்ல ஆழமான சத்தம் வரும். பேச மூச்சு இல்லாதபோது அவர் தட்டினார். நாற்பத்து மூன்று முறை. திறக்கச் சொல்லித் தட்டினார். நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. தனித்தடத்தைக் கேட்டால் சத்தம் முழுவதும் குரல் மைக்கிலேயே விழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள். நான் அவரைக் கொன்றேன் என்பதுதான் இதற்கு உரிய வாக்கியம் என்றால், அதையும் எழுதிவிடுகிறேன். நான் அவரைக் கொன்றேன். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அட்டையில் என் பெயரைப் போட்டது கண்ணாடிக்கடைக்காரர். பாட்டை முதல் முறை கேட்டு முடித்ததும், “கடைசில அந்த டிரம் நீ அப்புறமா வாசிச்சுச் சேர்த்ததா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “இவ்வளவு நாளா இத எங்கடா வச்சிருந்த? உன்னப் போய் டிரம்மை விட்டு எழுப்பிட்டோமே.”

புதிய பதிப்பில் தவறைத் திருத்தி, அந்த இடத்தில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அதுவும் முழுக்கச் சரியாகாது. அவர் தட்டியதில் முதல் பத்துதான் தாளத்தில் இருந்தது. அதன் பிறகு இடைவெளி கண்டபடி மாறியது, சில அடிகள் சரியாகக் கேட்கவே இல்லை. மீதி முப்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, நகர்த்தி, சரியான இடத்தில் வைத்தவன் நான். நான்கு மாலைகள் ஆயின. அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுதான் வேலை முடிந்தது.

அதனால் என் பெயரை எடுத்துவிட வேண்டாம்.